பூட்டிக் கிடக்கும் ஊர் வீட்டுக்கு வயர் இல்லாத அலாரம்: எதை வாங்குவது?

அம்பைக்காரி

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதுகிறேன். வீட்டைப் பற்றிச் சொல்லாமல் கேட்டால் "நெட் இருக்கா, கரண்ட் எப்படி" என்று திரும்ப என்னையே கேட்பீர்கள்.

அம்பாசமுத்திரத்துக்குப் பக்கத்தில் தாத்தா கட்டிய வீடு. திண்ணை, தார்சா (முன்கட்டு), பட்டாசாலை (கூடம்), அரங்கு (ஜன்னல் இல்லாத உள்ளறை), அடுக்களை, புறவாசல் என்று ரயில் பெட்டி மாதிரி ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். முன்பக்கம் மட்டப்பா, அடுக்களைக்கு மட்டும் ஓடு. சுவர் ஒன்றரை அடி, சுண்ணாம்புக் காரை. அப்பா போனபின் அம்மா எங்களோடு சென்னைக்கு வந்துவிட்டாள். பொங்கலுக்கும் ஆடி அமாவாசைக்கும் கோயில் கொடை விழாவுக்கும் போவோம். மற்றபடி பூட்டித்தான் கிடக்கும்.

போன தீபாவளி சமயத்தில் அடுக்களை ஓட்டைப் பிரித்து எவனோ இறங்கிவிட்டான். வெண்கல உருளி, இரண்டு பித்தளை அண்டா, அம்மா சீராகக் கொண்டுவந்த குத்துவிளக்கு ஒரு ஜோடி, கிணற்று மோட்டார். எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு புறவாசல் தாழ்ப்பாளை உள்ளேயிருந்து திறந்து நிதானமாகப் போயிருக்கிறான். தீபாவளி ராத்திரி வெடிச்சத்தத்தில் நடந்திருக்கும் என்பது போலீஸ்காரர்கள் கணக்கு. அந்தக் கணக்குப்படி எங்களுக்குத் தெரியவந்தது 23 நாள் கழித்து. எதிர்வீட்டு அண்ணாச்சி தேங்காய் பறிக்க ஆள் கூட்டிவந்தவர் தற்செயலாக ஓட்டைப் பார்த்திருக்கிறார். அதுவரை அந்தப் பொத்தல் வழியாக ஐப்பசி மழை முழுக்க அடுக்களைக்குள் பெய்திருக்கிறது. உருளி போனதைவிட எனக்கு அந்த 23 நாள்தான் உறுத்துகிறது.

ஆகவே அலாரம். வயர் இழுக்க முடியாது. அந்தச் சுவரில் ஒரு ஓட்டை போடவே எலக்ட்ரீஷியனுக்கு அரை நாள் ஆகும். நானும் பத்தாவது படிக்கும் என் மகனும் பொங்கல் லீவில் போய் நாங்களே மாட்டிவிட்டு வர வேண்டும். வீட்டில் நெட் கிடையாது. செல்போன் சிக்னல் தார்சாவில் நன்றாக இருக்கும், அரங்குக்குள் போனால் ஒற்றைக் கோடு. கரண்ட் போகும், மழைக்காலத்தில் ஒரு நாள் முழுக்கவும் போகும். சத்தம் வந்தால் எனக்கும் அண்ணாச்சிக்கும் தெரிய வேண்டும். அவருக்கு வயது 68, பட்டன் போன்.

இதுவரை செய்தது: ஆன்லைனில் நாலாயிரத்துக்குள் ஒரு கிட் வாங்கி, சென்னை வீட்டிலேயே ஒரு வாரம் சோதித்தேன். ராத்திரி 2.10க்கு என் மகன் வேண்டுமென்றே கதவைத் திறந்தான். நான் பார்த்தது காலை ஆறு மணிக்கு. சத்தமில்லாமல் ஒரு நோட்டிஃபிகேஷன் வந்து, பால் பாக்கெட் ஆஃபருக்குக் கீழே ஒளிந்துகொண்டிருந்தது.

நியூஜெர்சியில் இருக்கும் என் சித்தி மகன் அங்கிருந்து ஒரு செட் வாங்கி வருகிறேன் என்கிறான். என் மகன் எல்லாவற்றையும் தானே செய்கிறேன் என்கிறான். பட்ஜெட் 15 ஆயிரம், இழுத்தால் 18. எந்த வழியில் போகலாம்?

ஈயப்பற்று

முதலில் நியூஜெர்சி தம்பியைத் தடுத்து நிறுத்துங்கள். அங்கே விற்கும் செட்டுகளில் பல இசட்-வேவ் வகை, அதாவது சென்சாரும் பெட்டியும் வயரில்லாமல் பேசிக்கொள்ளும் ஒரு ரேடியோ முறை. அது அமெரிக்காவில் 908.42 மெகாஹெர்ட்ஸில் பேசும். நம் ஊரில் 890 முதல் 915 வரை செல்போன்கள் டவரோடு பேசும் பட்டை. நடுவில் உட்கார்ந்து கத்தச் சட்டமும் இடம் தராது, நம் அலாரத்துக்கும் நல்லதில்லை. இந்திய இசட்-வேவ் 865.2. பெட்டியைப் பார்த்தால் இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், ஆனால் ஒன்றோடொன்று பேசாது.

மகன் செய்கிறேன் என்கிறானே, விடுங்கள். ஒரு ராஸ்பெரி பை (உள்ளங்கை அளவுக் கம்ப்யூட்டர்) அல்லது பழைய மினி கம்ப்யூட்டர், அதில் ஹோம் அசிஸ்டென்ட் என்கிற வீட்டுக் கருவிகளை நடத்தும் மென்பொருள், சென்சார்களோடு பேச ஒரு ஜிக்பீ யுஎஸ்பி குச்சி (ஜிக்பீயும் ஒரு ரேடியோ முறைதான்). கதவு சென்சார் ஒவ்வொன்றும் ஆயிரத்துச் சொச்சம். அலாரத்துக்கென்றே அலார்மோ என்று ஒரு சேர்க்கை இருக்கிறது. வீட்டில் இருக்கும்போது ஒரு நிலை, பூட்டிப் போகும்போது ஒரு நிலை என்று வைத்துக்கொள்ளலாம். எல்லாக் கணக்கும் வீட்டுக்குள்ளேயே நடக்கும். சீனாவில் ஏதோ ஒரு சர்வர் படுத்துவிட்டால் உங்கள் அலாரமும் சேர்ந்து படுக்காது.

சிம் போட்ட ரூட்டர் வைப்பதானால் ஒரு விஷயம். மொபைல் நெட்டில் வெளியிலிருந்து உள்ளே நேராக வர முடியாது. ஒரே முகவரியைப் பல பேருக்குப் பங்கு போட்டுத்தான் தருகிறார்கள். டெயில்ஸ்கேல் என்று இரண்டு பக்கத்தையும் தனி வழியில் இணைக்கும் மென்பொருள் போட்டால் சரியாகிவிடும், இலவசம். செய்தி டெலிகிராமுக்கு வரும்படி வைத்துக்கொள்ளலாம்.

கோட்டாறு

என் அனுபவம் நாலு வரி. நாகர்கோவிலில் மாமனார் கடைக்கு சிம் போடும் அலாரம் மாட்டினேன். ஒரு வருஷம் ஒரு பிரச்சினையும் இல்லை. எவ்வளவு நல்ல அலாரம் என்று எல்லோரிடமும் பெருமையடித்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் சும்மா அந்த நம்பருக்குக் கூப்பிட்டுப் பார்த்தால் உபயோகத்தில் இல்லை என்கிறது. ரீசார்ஜ் பண்ணாமல் விட்டிருக்கிறேன், சிம் போய்விட்டது. எப்போது போனது என்று இன்றுவரை தெரியாது.

கருவிப்பை_மதுரை

பதினோரு வருஷம் இதே வேலையாக அலைந்தவன். நகைக்கடை, ரைஸ் மில், கல்யாண மண்டபம், துபாய்க்காரர்கள் வீடு. இப்போது முட்டிவலி; ஏணி ஏறுவதில்லை, எழுதுவதோடு சரி.

மேலே கோட்டாறு சொன்னதை இரண்டு தடவை படியுங்கள். அலாரம் வாங்குகிற எல்லோரும் திருடன் வந்தால் இது என்ன செய்யும் என்று கேட்கிறார்கள். இது செத்துப்போனால் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டவர்களை என் பதினோரு வருஷத்தில் விரல்விட்டு எண்ணிவிடலாம். உங்களுக்கு அந்த 23 நாள் உறுத்துகிறது என்றால் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி இரண்டாவதுதான்.

நாலாயிரத்து கிட்டில் இருப்பது பெரும்பாலும் 433 மெகாஹெர்ட்ஸ், உள்ளே இவி 1527 வகைச் சிப். கதவு திறந்தால் சென்சார் ஒரு எண்ணைக் கத்திவிட்டுத் தூங்கப் போய்விடும். பெட்டிக்குக் கேட்டதா இல்லையா என்று அதற்குத் தெரியாது. பேட்டரி தீர்ந்தாலும், எறும்பு கூடு கட்டினாலும், எவனாவது கழற்றிக்கொண்டு போனாலும் பெட்டிக்கு எல்லாம் ஒன்றுதான்: அமைதி. ரிமோட்டும் ஒவ்வொரு தடவையும் அதே எண்ணைத்தான் அனுப்பும். பக்கத்தில் நின்று பிடித்துவைத்துக்கொண்டால் அவனும் அலாரத்தை அணைக்கலாம். உருளி திருடுகிறவன் அவ்வளவு மெனக்கெட மாட்டான், அது வேறு விஷயம். ஆனால் அந்த அமைதி உங்களைக் கவிழ்க்கும்.

வேண்டியது இருவழிப் பேச்சு உள்ள சென்சார். சில நிமிஷத்துக்கு ஒரு தடவை "இருக்கிறேன்" என்று சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் பெட்டி உங்களைக் கூப்பிட வேண்டும். வாங்கும்போது கடைக்காரரிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: "சென்சார் பேட்டரியைக் கழற்றிவிட்டால் எவ்வளவு நேரத்தில் போனுக்குத் தகவல் வரும்?" முழித்தால் அடுத்த கடை.

ஈயப்பற்று சொன்ன ஜிக்பீயும் இருவழிதான். நான் குறை சொல்லவில்லை. ஆனால் அது 2.4 கிகாஹெர்ட்ஸ், ஒன்றரை அடிச் சுவர் மூன்றைத் தாண்ட மூச்சு வாங்கும். நடுவில் ஸ்மார்ட் பிளக் வைத்தால் செய்தியைக் கைமாற்றிக் கொடுக்கும் என்பார்கள், உண்மைதான். கரண்ட் போனால்? பிளக் செத்தது, அதை நம்பியிருந்த புறவாசல் சென்சாரும் ஊமை. சோதிக்கும் அன்று கரண்ட் இருக்கும், எல்லாம் அருமையாக வேலை செய்யும். 865 முதல் 867 வரை உள்ள பட்டை நம் நாட்டில் லைசென்ஸ் இல்லாமல் பயன்படுத்தக் கூடியது. அந்தப் பட்டையில் பேசும் செட் கிடைத்தால் சுவரைத் தாண்டுவதில் கெட்டி.

இன்னொன்று, தாயி. பையன் இப்போது பத்தாவது. இன்னும் இரண்டு வருஷத்தில் ஹாஸ்டலுக்குப் போவான். அப்புறம் ராத்திரி இரண்டு மணிக்கு மெமரி கார்டு கெட்டுப்போனால் யார் பார்ப்பது? அலாரம் தனிப் பெட்டியாக இருக்கட்டும்: உள்ளேயே பேட்டரி, உள்ளேயே 4ஜி சிம். பையனுக்கு வேறு வேலை தரலாம், கீழே சொல்கிறேன்.

2ஜி மட்டும் உள்ள பழைய மாடல் இன்னும் மலிவாகக் கிடைக்கிறது. வாங்காதீர்கள். ஜியோவுக்கு 2ஜியே கிடையாது, மற்றவர்களும் எத்தனை நாள் வைத்திருப்பார்கள் என்று நான் ஜோசியம் சொல்ல மாட்டேன். பெட்டியைத் தார்சாவில் சிக்னல் இருக்கும் பக்கம், கைக்கு எட்டாத உயரத்தில், வாசலிலிருந்து பார்த்தால் தெரியாதபடி மாட்டுங்கள். சிம்மை வருஷ பிளானில் போட்டுவிடுங்கள்.

எங்கே எதை வைப்பது? உங்கள் ஆள் கதவு வழியாக வரவில்லை, ஓடு வழியாக வந்தான். கதவுகளில் மட்டும் காந்தம் (கதவு திறந்து காந்தம் விலகினால் தகவல் தரும் சென்சார்) வைத்தால் அவன் போகும்போதுதான் மணி அடிக்கும். அதனால் அடுக்களையில் ஒரு பிஐஆர் (ஆள் நடமாட்டத்தைப் பிடிக்கும் சென்சார்), அரங்குக்கும் பட்டாசாலைக்கும் நடுவில் ஒன்று, தார்சாவில் ஒன்று. ஏழடி உயரம். ஆள் சென்சாரை நோக்கி நேராக வருவதைவிடக் குறுக்கே கடப்பதை அது சட்டென்று பிடிக்கும், அதற்குத் தகுந்த மூலையாகப் பாருங்கள். வாசலுக்கும் புறவாசலுக்கும் காந்தம். பழைய இரட்டைக் கதவு மழையில் ஊதும், பங்குனியில் சுருங்கும். காந்தத்துக்கும் சென்சாருக்கும் இடைவெளி ஒன்றரை சென்டிமீட்டரைத் தொட்டால் சும்மாவே கத்தும். அரை சென்டிமீட்டருக்குள் இருக்கும்படி மரத்துண்டு வைத்து ஏற்றுங்கள். புறவாசலில் இரும்புக் கிரில் இருந்தால் காந்தத்தை நேராக இரும்பில் ஒட்டாதீர்கள், பாதிச் சக்தியை இரும்பு தின்றுவிடும்.

பிஐஆர் பற்றி ஒரு உண்மை: அது ஆளைப் பார்ப்பதில்லை, சூட்டு வித்தியாசத்தைப் பார்க்கிறது. சித்திரை மதியம் பூட்டிய வீட்டுக்குள் 37 டிகிரி இருந்தால் மனுஷன் சுவரோடு சுவராகக் கரைந்துவிடுவான். ராத்திரியில் கவலையில்லை. பகலுக்குக் கதவுக் காந்தமும் கேமராவும் துணை. அப்புறம் பல்லி. லென்ஸ் மேல் ஊர்ந்தால் யானை போனது மாதிரி தெரியும். பின்பக்க ஓட்டைகளை சிலிகானால் அடைத்து, மேலே ஒரு அந்துருண்டையை வலைத்துணியில் கட்டித் தொங்கவிடுவேன். விஞ்ஞானம் தெரியாது, எனக்கு நடந்திருக்கிறது.

ஒரு சென்சார் மட்டும் தட்டினால் வெறும் செய்தி. ஒரு நிமிஷத்துக்குள் இரண்டாவதும் தட்டினால் சைரன், போன் கால். இப்படி வைக்க முடிகிற பெட்டியாக வாங்குங்கள். இல்லையென்றால் இரண்டு வாரத்தில் அண்ணாச்சி போனை அணைத்துவிட்டுப் படுத்துவிடுவார்.

தகவல் போன் காலாக வர வேண்டும். பெட்டியின் நம்பரை உங்கள் போனில் பெயர் போட்டுச் சேமித்து, நட்சத்திரம் குத்தி, தொந்தரவு செய்யாதே நிலையிலும் அந்த நம்பர் மட்டும் ஒலிக்கும்படி வையுங்கள். அண்ணாச்சிக்கும் கால். பட்டன் போன் இதற்கு உங்கள் போனைவிட நல்லது.

முக்கியமானது: அண்ணாச்சி தனியாக உள்ளே போகக் கூடாது. தெரு விளக்கடியில் நின்று குரல் கொடுக்கலாம், 112க்குப் போடலாம், அவ்வளவுதான். நீங்களும் ஊரை விட்டுக் கிளம்பும்போது வீடு பூட்டியிருக்கிறது என்று ஸ்டேஷனில் சொல்லிவிட்டு வாருங்கள். ரோந்துக்காரர்கள் அந்தப் பக்கம் போகும்போது ஒரு பார்வை பார்ப்பார்கள், செலவில்லாத காரியம்.

பையனுக்கு வேலை: ஊரில் கேமராவுக்காக வைக்கும் சிம் ரூட்டருக்குப் பின்னால் ஒரு சின்ன போர்டு ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை சென்னை வீட்டுக்கு "இருக்கிறேன்" சொல்லட்டும். சென்னையில் ஒன்று அதைக் கேட்டுக்கொண்டிருக்கட்டும். அரை மணி நேரம் சத்தமில்லை என்றால் சென்னைப் பக்கம் அலறட்டும். செத்துப்போன பெட்டி தான் செத்ததைத் தானே வந்து சொல்லாது, வெளியிலிருந்து ஒருவர்தான் பார்க்க வேண்டும்.

ஈயப்பற்று

கரண்ட் போனால் பிளக் சேர்ந்து சாகும் விஷயம்... நான் அபார்ட்மென்டில் இருக்கிறேன், இன்வெர்ட்டர் வேறு. யோசிக்கவே இல்லை. ஒத்துக்கொள்கிறேன். "இருக்கிறேன்" வேலைக்கு இஎஸ்பி 32 என்கிற சின்ன வைஃபை போர்டு போதும், தம்பிக்கு அதற்கான புரோகிராம் வேண்டுமானால் தருகிறேன்.

அம்பைக்காரி

கருவிப்பை அண்ணன், கை எடுத்துக் கும்பிடுகிறேன். இரண்டு சந்தேகம். கேமரா ஒன்று போதுமா? தீபாவளி ராத்திரி மறுபடி வந்தால் சைரன் யாருக்குக் கேட்கும்?

கருவிப்பை_மதுரை

கேமரா ஒன்று போதும், பட்டாசாலையில், மெமரி கார்டோடு. அலாரம் அடித்ததும் அண்ணாச்சியை எழுப்புவதற்கு முன்னால் நீங்கள் எட்டிப் பார்ப்பதற்குத்தான் அது. ரூட்டருக்கும் கேமராவுக்கும் 12 வோல்ட் மினி யுபிஎஸ் வையுங்கள், இரண்டு மூன்று மணி நேரம் தாங்கும். அதற்குப் பிறகும் அலாரப் பெட்டி தன் பேட்டரியில் ஓடும்.

சைரன் ஊருக்காக இல்லை. உள்ளே இருக்கிறவன் காதுக்காக. அரங்கு மாதிரி ஜன்னல் இல்லாத அறையில் 110 டெசிபெல் அடித்தால் அண்டாவைத் தேட மனசு வராது. ஓடுதான் உங்கள் வாசல் என்பதால் சைரனை அரங்குக்குள் வையுங்கள். மூன்று நிமிஷத்தில் நிற்கும்படி வைத்துவிடுங்கள், இல்லையென்றால் தெருவே உங்களைச் சபிக்கும்.

அம்பைக்காரி

மாசி முடியப்போகிறது, கடன்பட்டது போல இருக்கிறது, அதனால் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

பொங்கலுக்குப் போய் மாட்டினோம். 4ஜி பெட்டி, இருவழி சென்சார்கள், கேமரா, ரூட்டர், யுபிஎஸ், சிம் எல்லாம் சேர்த்து 17,850. மூன்றாவது கடைக்காரர்தான் பேட்டரியைக் கழற்றினால் தகவல் வரும் என்று சொல்லி, கழற்றியும் காட்டினார். ஒன்பது நிமிஷத்தில் போன் அடித்தது. அங்கேயே வாங்கிவிட்டோம்.

சென்னைக்குத் திரும்பின மூன்றாவது நாளிலிருந்து ஒரு கூத்து. தினமும் மதியம் ஒன்றே முக்காலையொட்டி அடுக்களை சென்சார் ஒரு தடவை தட்டும். ஒற்றைத் தட்டு என்பதால் வெறும் செய்திதான், சைரன் இல்லை. மேகம் போட்ட நாளில் நாலைந்து தடவை. கேமராவில் ஒன்றுமில்லை. அண்ணாச்சி புறவாசல் வரை போய்ப் பார்த்து, பூட்டு பூட்டினபடி இருக்கிறது என்றார். பூனையா, பல்லியா, அந்துருண்டை போதவில்லையா என்று நானும் மகனும் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தோம். மகன் நேரங்களை எல்லாம் ஒரு தாளில் எழுதி ஒட்டினான்.

அம்மா கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள்: "அந்தக் குத்துக்கல் மாதிரி இருக்கிறதை எங்கே பார்த்து மாட்டியிருக்கீங்க?" அம்மியைப் பார்த்து என்றேன். "ஒன்றரைக்கு மேல கண்ணாடி ஓட்டு வெயில் அம்மி மேலதான் விழும். அதுக்கு முன்னால தரையில கிடக்கும். நான் வத்தலை இடம் மாத்தி மாத்தி வைக்கிறது அதை வச்சுத்தானே."

அடுக்களைக் கூரையில் வெளிச்சத்துக்காக ஒரு கண்ணாடி ஓடு உண்டு. அதன் வழியாக விழும் வெயில் வட்டம் தரையில் நகர்ந்து சரியாக அந்த நேரத்துக்கு அம்மிக்கல்லில் ஏறுகிறது. வெயில் பட்டதும் கல்லின் மேல்பரப்பு சூடேறும். மேகம் மறைத்து விலகினால் மறுபடி ஒரு வித்தியாசம். நாற்பது வருஷம் அங்கே சமைத்தவளிடம் முதலிலேயே கேட்டிருக்கலாம். போன வாரம் கொடைக்குப் போனபோது சென்சாரை எதிர் மூலைக்கு மாற்றினோம். அதற்குப் பிறகு மதியத் தட்டு இல்லை.

உண்மையான அழைப்பு ஒன்றே ஒன்று. மாசி முதல் வாரம் ராத்திரி 11.20க்குப் போன். எடுத்தால் திருடன் இல்லை, சென்னையில் மகன் வைத்த பெட்டி அலறுகிறது: ஊர்ப் பக்கம் அரை மணி நேரமாகச் சத்தமில்லை. அலாரப் பெட்டியின் நம்பருக்குக் கூப்பிட்டால் ரிங் போகிறது. கரண்ட் போய் மூன்று மணி நேரம், ரூட்டர் யுபிஎஸ் தீர்ந்துவிட்டது, பெட்டி மட்டும் உயிரோடு இருக்கிறது. விடிந்ததும் அண்ணாச்சியைக் கேட்டேன். டிரான்ஸ்ஃபார்மர் கோளாறாம். மகனுக்கு அன்று பெருமை தாங்கவில்லை.

ஒரே ஒரு கேள்வி பாக்கி. புறவாசல் சென்சார் பேட்டரி 100 என்று காட்டிக்கொண்டிருந்தது, ஒரே வாரத்தில் 80 ஆகிவிட்டது. சிஆர் 2032. ஆடி அமாவாசை வரை தாங்குமா?

கருவிப்பை_மதுரை

அந்தச் சதவீதத்தை வைத்து நாள் பார்க்காதீர்கள். வோல்ட்டை அளந்து போடுகிற கணக்கு அது. லித்தியம் பட்டன் பேட்டரி கடைசிவரை மூன்று வோல்ட்டுக்குப் பக்கத்திலேயே நின்றுவிட்டுத் திடீரென்று இறங்கும். இடையில் குளிரான ராத்திரியில் கொஞ்சம் குறைத்தும் காட்டும். சித்திரைப் பிறப்புக்குப் போவீர்களா? போனால் மாற்றிவிட்டு, மாற்றின தேதியைப் பேட்டரி மேலேயே பென்சிலால் எழுதுங்கள். போகவில்லையென்றால் அண்ணாச்சியிடம் இரண்டு பேட்டரி கொடுத்து வையுங்கள். மூடியைத் திறந்தால் அலாரம் அடிக்கும், அவர் கையை வைப்பதற்கு முன்னால் நீங்கள் சென்னையிலிருந்து அணைத்துவிட வேண்டும், மறந்துவிடாதீர்கள்.